வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவருக்காக நான் சேர்த்த காகிதங்கள்

2011 ஜனவரியில் வடக்கே ஒரு மலைப்பாதையில், என் கணவர் போன ராணுவ லாரி பனியில் சறுக்கிப் பள்ளத்தில் உருண்டது. அப்போது அவர் நாயக், சிப்பாய்க்கு மேலே இருக்கும் ஒரு பதவி. ராணுவத்தில் சேர்ந்து பதினைந்து வருடம் ஆகியிருந்தது. மேலே இருந்த போஸ்டுக்கு ரேஷன் ஏற்றிப்போன வண்டி அது. வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்துவிட்டன. தலையில் அடி. வலது காதிலிருந்து ரத்தம். கொஞ்ச நேரம் நினைவே இல்லை. இதில் கால் மட்டும்தான் ராணுவத்தின் காகிதங்களில் ஏறியது. காதை ஏற்றி, அதற்கு உரியதை வாங்கி முடிக்க எங்களுக்குப் பன்னிரண்டு வருடம் ஆனது. தலைக்குக் கடைசிவரை எதுவும் கிடைக்கவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருடைய காலைக் காப்பாற்றியவர்கள் ராணுவ டாக்டர்கள்தான். எடுக்க வேண்டி வரலாம் என்று முதல் நாள் சொன்ன காலை, நான்கு அறுவை சிகிச்சை செய்து நிற்க வைத்தார்கள். அவர்களை நினைக்காமல் நான் விளக்கு ஏற்றுவதில்லை. எங்களைப் படுத்தியதெல்லாம் ஆபரேஷன் தியேட்டரை விட்டு வெளியே வந்த பிறகு தொடங்கியது: வார்டு, வராண்டா, ஓபிடி வரிசை, கிளார்க் மேசை, மெடிக்கல் போர்டு. வெட்டித் தைப்பதில் அவ்வளவு கவனம் காட்டிய அதே அமைப்பு, தைத்த பிறகு அந்த மனிதரை மறந்துபோனது. இன்றைக்கு யாருடைய வீட்டுக்காவது அப்படி ஒரு போன் வந்திருந்தால் அவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

யூனிட்டிலிருந்து போன் வந்தபோது பேசியவர் இந்தியில் பேசினார். எனக்கு ‘அஸ்பத்தால்’ என்ற ஒரு வார்த்தைதான் புரிந்தது. பிறகு ஒரு தமிழ்ப் பையன் வாங்கி, “அக்கா, பயப்படாதீங்க, அண்ணன் பேசுறாரு, கால்லதான் அடி” என்றான். என் தம்பியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ரயில் ஏறி, மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தேன். அதற்குள் அவர் இரண்டு மருத்துவமனை மாறி மூன்றாவதில் இருந்தார். முன்களத்தில் இருக்கும் ஃபீல்ட் ஆஸ்பத்திரியில் முதலுதவி, அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரி, அங்கிருந்து அதைவிடப் பெரியது. ராணுவத்தில் காயம்பட்டவர்களை இப்படித்தான் படிப்படியாகக் கொண்டுவருவார்கள். உயிரைக் காப்பாற்ற அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் மனிதர் வேகமாக வந்துவிடுவார். அவருடைய காகிதம் அதே வேகத்தில் வராது. முதல் ஆஸ்பத்திரியில் காதையும் தலையையும் பற்றி எழுதிய சீட்டு அந்தப் பயணத்தில் எங்கேயோ நின்றுவிட்டது. அப்படி ஒரு சீட்டு இருந்ததே எனக்கு ஒன்பது வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

வார்டில் காலையில் ரவுண்ட்ஸ் வருவார்கள். டாக்டர் லெப்டினன்ட் கர்னல். கூட வரும் சிஸ்டர் கேப்டன். மிலிட்டரி நர்சிங் சர்வீஸில் இருக்கும் சிஸ்டர்கள் எல்லோருமே அதிகாரிகள்தான். பொது ஆஸ்பத்திரியில் நர்சை ‘சிஸ்டர், சிஸ்டர்’ என்று இரண்டு தடவை கூப்பிட்டு வலிக்குது என்று சொல்லிவிடலாம். இங்கே கட்டிலில் படுத்திருக்கும் நாயக்குக்கு அவர் மேலதிகாரி. டாக்டர், “கைசே ஹோ?” என்று கேட்பார். என் கணவர் படுத்தபடியே உடம்பை விறைப்பாக்கி, “டீக் ஹை சாப்” என்பார். நன்றாக இருக்கிறேன் ஐயா. டாக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்.

முந்தின ராத்திரி முழுக்க அந்த மனிதர் துண்டைக் கடித்துக்கொண்டு கிடந்ததைப் பக்கத்துக் கட்டில்காரர் என்னிடம் சொல்லியிருந்தார். “ஏங்க, வலின்னு சொல்ல வேண்டியதுதானே” என்று கேட்டேன். “அவர் கேட்டது விசாரிப்பும்மா. அதுக்குப் பதில் அப்படித்தான் சொல்லணும்” என்றார். பதினெட்டு வயதிலிருந்து அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அது. நின்றாலும் கிடந்தாலும், கேட்டால் டீக் ஹை. வலியைச் சொல்வது அவருக்குப் புகார் சொல்வதாகப் பட்டது. இந்தப் பதிலைக் கேட்கும் டாக்டர் கேஸ் ஷீட்டில் ‘நோ கம்ப்ளெயின்ட்ஸ்’ என்று எழுதுகிறார். அவர் பொய் எழுதவில்லை, கேட்டதைத்தான் எழுதினார். அந்த இரண்டு வார்த்தையும் பின்னால் எங்களுக்கு எதிரான சாட்சியாக வந்து நின்றன.

ஒரு முறை இரண்டு நாள் விடுமுறையும் ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்து வந்தன. காலுக்கு வெளியே இரும்புச் சட்டம் மாட்டியிருந்த நேரம். கட்டு நனைந்து வாடை வரத் தொடங்கியது. உடம்பு கொதித்தது. என் தம்பி போய்க் கேட்டபோது, டியூட்டி டாக்டர் எமர்ஜென்சியில் இருக்கிறார், ஸ்பெஷலிஸ்ட் வந்ததும் பார்ப்பார் என்றார்கள். திரும்பக் கேட்டதற்கும் அதே பதில். ஸ்பெஷலிஸ்ட் வந்து கட்டைப் பிரித்ததும் அவர் முகம் மாறியது. எலும்பு வரை சீழ் இறங்கியிருந்தது. அது ஆற எட்டு மாதம் ஆனது. நான்கில் இரண்டு அறுவை சிகிச்சை அதற்காகவே. எழுத்தில் புகார் கொடுக்கலாம் என்றேன். அவர் என் கையைப் பிடித்து, “வேண்டாம்மா, யூனிட்டுக்குப் போகும், எனக்குக் கெட்ட பேர்” என்றார். நானும் விட்டுவிட்டேன். இன்றுவரை அது எனக்கு உறுத்தல்தான். புகார் கொடுத்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த மூன்று நாளும் எந்த நேரத்தில் யாரிடம் சொன்னோம், என்ன பதில் வந்தது என்று ஒரு நோட்டிலாவது எழுதி வைத்திருக்க வேண்டும். நோட்டில் எழுதுவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

காது விஷயத்தை முதலில் கவனித்தவள் நான்தான். வலது பக்கம் நின்று பேசினால் அவர் திரும்பவில்லை. முதலில் மயக்க மருந்தின் அசதி என்று நினைத்தேன். சிஸ்டரிடம் தம்பி அரைகுறை இந்தியில் சொன்னான். அவரும் நல்லவர்தான், காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குச் சீட்டு எழுதித் தரச் சொல்கிறேன் என்றார். சீட்டு வந்த அன்று அங்கே டாக்டர் லீவு. அடுத்த வாரம் போனால், கட்டிலோடு வர முடியாது, நடக்க ஆரம்பித்ததும் வரட்டும் என்றார்கள். நடக்க ஆரம்பித்தபோது சிக் லீவில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சிக் லீவு முடிந்து போனபோது, இவர் எலும்புக் கேஸ், காது எங்கே இருந்து வந்தது என்று கேட்டார்கள். முறையான கேட்புச் சோதனை முதன்முதலாக எடுத்தது 2014-இல். மூன்று வருடம் கழித்து. அதற்குள் அந்தக் காது விபத்தோடு சம்பந்தம் இல்லாத காதாகிவிட்டது.

இந்த இடத்தில் ஒரு ஃபார்மைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஐஏஎஃப்ஒய்-2006 என்று அதற்குப் பெயர். எல்லோரும் ‘இஞ்சுரி ரிப்போர்ட்’ என்பார்கள். சண்டையில் இல்லாமல் வேறு விதத்தில் பெரிய காயம் பட்டால் இதைப் போட வேண்டும். என்ன காயம் என்று மெடிக்கல் ஆபீசர் எழுதுவார். டியூட்டியில் இருக்கும்போது பட்டதா என்று கமாண்டிங் ஆபீசர் எழுதிக் கையெழுத்துப் போடுவார். எங்கள் விஷயத்தில் டியூட்டிதான் என்று எந்தச் சந்தேகமும் இல்லாமல் எழுதியிருந்தார்கள். ஆனால் அந்த ஃபார்ம் விபத்து நடந்து இரண்டு மாதம் கழித்து, மூன்றாவது ஆஸ்பத்திரியின் டயக்னோசிஸைப் பார்த்து நிரப்பியது. வலது கால் எலும்பு முறிவு என்று ஒரே வரி. விபத்தைப் பற்றி ராணுவம் நடத்திய விசாரணையான கோர்ட் ஆஃப் என்கொயரியிலும் அதே வரி. யாரும் வேண்டுமென்று விடவில்லை. முன்னால் இருந்த காகிதத்தைப் பார்த்து அடுத்த காகிதத்தை எழுதினார்கள், அதைப் பார்த்து அதற்கு அடுத்ததை. முதல் காகிதத்தில் விட்டுப்போனது கடைசிவரை விட்டேபோனது.

எனவே உங்கள் வீட்டுப் பிள்ளையோ கணவரோ ஆஸ்பத்திரியில் இருந்தால், முதல் வாரத்திலேயே அவரை உட்கார வைத்து உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். தலை, கண், காது, பல், கழுத்து, தோள், கை விரல் ஒவ்வொன்றும், முதுகு, இடுப்பு. நினைவு தப்பியதா, எவ்வளவு நேரம், வாந்தி வந்ததா. பெரிய காயம் கத்தும்போது சின்னக் காயத்தின் சத்தம் அவருக்கே கேட்காது. நீங்கள்தான் கேட்டு, ஒரு தாளில் எழுதி, வார்டு டாக்டரிடம் கொடுத்துக் கேஸ் ஷீட்டில் ஏற்றச் சொல்ல வேண்டும். இஞ்சுரி ரிப்போர்ட் போட்டாயிற்றா, அதில் இவை எல்லாம் இருக்கிறதா என்று யூனிட்டில் கேட்டு, ஒரு நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். யூனிட்டில் இருக்கும் நம் ஊர்ப் பையன் ஒருவன் மனது வைத்தால் போதும்.

அவர் திரும்ப யூனிட்டுக்குப் போனபோது ‘கேட்டகிரி’யில் போனார். ராணுவத்தில் உடல் தகுதியை ஐந்தாகப் பிரித்து எண் கொடுப்பார்கள்: மனநிலை, செவி, கை கால், பொது உடல் திறன், கண். ஐந்துக்கும் ஆங்கிலத்தில் ஒவ்வோர் எழுத்து, சேர்த்தால் ‘ஷேப்’. எல்லாம் சரியாக இருந்தால் ஷேப்-1. எண் கூடக் கூடத் தகுதி குறைவு. என் கணவருக்குக் கை கால் என்ற இடத்தில் முதலில் தற்காலிக 3, பிறகு நிரந்தர 2. செவி என்ற இடத்தில் மட்டும் வருடக்கணக்காக 1 என்றே நின்றது. ஒரு பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்பாத மனிதருக்கு, காகிதத்தில் முழுக் கேட்புத் திறன். ஒவ்வொரு ரிவ்யூவிலும் அதே கேள்வி, அதே டீக் ஹை, அதே நோ கம்ப்ளெயின்ட்ஸ்.

தலையில் பட்ட அடியைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தயக்கமாக இருக்கிறது. லீவில் வந்தால் சின்னச் சத்தத்துக்குக் கோபம் வரும். மகள் ஸ்டீல் டம்ளரைக் கீழே போட்டதற்கு ஒரு நாள் கையை ஓங்கிவிட்டு, பிறகு கிணற்றடியில் போய் உட்கார்ந்து அழுதார். தெரிந்த தெருவில் வழி மறந்து நின்றார். என்னிடம்தான் ஏதோ குறை என்று நான் இரண்டு வருடம் நம்பினேன். தலையில் அடிபட்டு நினைவு தப்பியவர்களுக்கு மறதியும் எரிச்சலும் தூக்கக் கோளாறும் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் இருக்கக்கூடும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவரிடம் டாக்டரைப் பாருங்கள் என்றால், மனநிலை என்ற இடத்தில் எண் மாறினால் துப்பாக்கியைக் கையில் கொடுக்க மாட்டார்கள், கூட இருப்பவன் ஒரு மாதிரி பார்ப்பான் என்று பயந்தார். அந்தப் பயம் பொய்யும் இல்லை. கடைசிவரை அந்தப் பக்கத்தில் ஒரு சீட்டு கூட நாங்கள் வாங்கவில்லை. அதற்கு எங்களுக்கு எதுவும் கிடைக்கவும் இல்லை. பணத்தை விடுங்கள், இரண்டு வருடம் முன்னால் ஒரு டாக்டரிடம் போயிருந்தால் என் மகள் அப்பாவைக் கண்டு அறைக்குள் ஒளிந்திருக்க மாட்டாள்.

2018-இல் இருபத்திரண்டு வருடச் சர்வீஸ் முடிந்து வெளியே வந்தார். வெளியே வருவதற்கு முன் ரிலீஸ் மெடிக்கல் போர்டு, அதாவது ராணுவ டாக்டர்கள் குழுவின் பரிசோதனை, நடக்கும். ஏஎஃப்எம்எஸ்எஃப்-16 என்ற ஃபார்ம். அதன் முதல் பகுதி வீரர் தன் வாயால் சொல்லும் வாக்குமூலம்: என்னென்ன காயம், நோய், எப்போது, எங்கே வந்தது. என் கணவருக்கு அதை ஒரு கிளார்க் நிரப்பிக் கொடுத்தார். இவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். கால் மட்டும் எழுதியிருந்தது. போர்டில் காதைச் சோதித்துப் பார்த்துக் குறைபாடு இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் அது ராணுவப் பணியால் வந்ததும் இல்லை, பணியால் அதிகமானதும் இல்லை என்று முடிவு. நான்கு ஆங்கில எழுத்தில் இதை ‘நானா’ என்பார்கள். முன்னாள் ராணுவத்தினர் வீடுகளில் இந்த வார்த்தை எல்லோருக்கும் தெரியும். காலுக்கு 15-19 சதவீதம். 20-க்குக் கீழே இருந்தால் ஊனத்துக்கான ஓய்வூதியம் கிடையாது. ஆகவே கால் இருந்தும் இல்லை, காது இருந்தும் இல்லை.

சில மாதம் கழித்து நிராகரிப்புக் கடிதம் வந்தது. சாதாரண பென்ஷன் உண்டு, வேறொன்றும் இல்லை. அவர் அதை மடித்துப் பையில் வைத்துவிட்டு, “சரி விடும்மா” என்றார். நான் விடவில்லை.

பக்கத்து ஊரில் ஒரு ரிட்டயர்ட் சுபேதார் இருந்தார். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் அவரைப் பார்த்தேன். அந்த அலுவலகத்தில் மனு எழுத உதவுவார்கள், காசு வாங்குவதில்லை. பலருக்கு இது தெரியாமல் ஏஜென்ட்டுகளிடம் பணம் கொடுக்கிறார்கள். அந்தப் பெரியவர் நான் கொண்டுபோன பையைக் கொட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நீ சொல்றதெல்லாம் நிஜம்மா. ஆனா உன் வாய்ல இருக்கு. டாக்டர் கையெழுத்துல இருக்கிறது எது, அதை மட்டும் தனியா எடு.” எடுத்து வைத்தோம். காதுக்கு 2014-இல் எடுத்த ஒரு சோதனைச் சீட்டு மட்டும் தேறியது.

முதல் மேல்முறையீட்டை ஆறு மாதத்துக்குள் போட வேண்டும், போட்டோம். அதில் ஒரு தீர்ப்பைக் குறிப்பிடச் சொன்னார். 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தரம்வீர் சிங் என்ற சிப்பாயின் வழக்கில் சொன்னது: ராணுவத்தில் சேரும்போது எழுதப்படாத ஒரு குறைபாடு பிறகு வந்தால், அது பணியால் வந்தது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லை என்று சொல்ல வேண்டுமானால் மெடிக்கல் போர்டு காரணம் எழுத வேண்டும், நிரூபிக்கும் சுமை வீரர் மேல் இல்லை. எனக்கு அதைப் படித்துக் காட்டியபோது அழுகை வந்தது. இத்தனை நாள் நாங்கள் நிரூபிக்க வேண்டும் என்றல்லவா நினைத்தோம்! ஆனாலும் முதல் மேல்முறையீடு தள்ளுபடியானது. 2020 ஆரம்பத்தில் வந்த அந்தக் கடிதத்தில் காரணம் எழுதியிருந்தார்கள்: தொடர் பரிசோதனைகளில் காது பற்றி நோயாளி எந்தப் புகாரும் தெரிவிக்கவில்லை. அவருடைய டீக் ஹை அத்தனையும் வரிசையாக எங்கள் முன்னால் வந்து நின்றன.

அந்தச் சமயத்தில் என் மகள் அமெரிக்காவில் நடந்த ஒன்றைப் படித்துச் சொன்னாள். வாஷிங்டனில் இருந்த வால்டர் ரீட், அந்த நாட்டு ராணுவத்தின் பேர்பெற்ற ஆஸ்பத்திரி. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் காயம்பட்டவர்களுக்கு அங்கே சிகிச்சை. 2007 பிப்ரவரியில் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை எழுதியது: அறுவை சிகிச்சை முடிந்து ஓபிடி நோயாளிகளாக இருந்தவர்கள் பூஞ்சை பிடித்த சுவரும் எலியும் உள்ள கட்டடத்தில் மாதக்கணக்கில் காத்துக்கிடந்தார்கள். ஒரு வீரர் 22 காகிதங்களை எட்டு வெவ்வேறு அலுவலகப் பிரிவுகளில் கொடுக்க வேண்டியிருந்தது. அவற்றைக் கையாண்ட 16 கணினி அமைப்புகளில் பெரும்பாலானவை ஒன்றோடொன்று பேசாதவை. செய்தி வந்த சில வாரங்களில் ஆஸ்பத்திரித் தலைவரை நீக்கினார்கள், தரைப்படைத் துறையின் செயலரும் பதவி விலகினார். அவ்வளவு பணம் உள்ள நாட்டிலும் கத்தி வைக்கும் வரை ஒரு கவனம், கட்டுப் போட்ட பிறகு இன்னொரு கவனம். அதைக் கேட்டதும் எனக்கு ஒன்று தெளிவானது. யாரோ ஒரு கெட்ட கிளார்க்கைத் தேடிக் கோபப்படுவதில் பயனில்லை. காகிதம் அறுந்துபோன இடம் எது என்று தேட வேண்டும்.

அப்படித் தேடியபோதுதான் முதல் ஆஸ்பத்திரி நினைவுக்கு வந்தது. ராணுவ ஆஸ்பத்திரிகளில் யார் எப்போது சேர்ந்தார், என்ன காயம், எங்கே அனுப்பினோம் என்று எழுதும் ஒரு பெரிய பதிவேடு உண்டு. ‘ஏ அண்ட் டி புக்’ என்பார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து, அந்தத் தேதிக்கான பக்கத்தின் நகல் கேட்டோம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். தந்தார்கள்: ஆவணம் இல்லை. மேல்முறையீடு போட்டு, இந்தத் தேதி, இந்த யூனிட், இந்த நம்பர், விபத்தில் காயம்பட்டவர்களைச் சேர்த்த பக்கம் என்று துல்லியமாகக் கேட்டோம். மொட்டையாக ‘எல்லா மருத்துவ ஆவணங்களும்’ என்று கேட்டால் இல்லை என்று சொல்வது சுலபம். இரண்டாவது முறை ஒரு கவர் வந்தது. உள்ளே மங்கலான ஒரு நகல். அவருடைய பெயர், நம்பர், கால் எலும்பு முறிவு, அதற்குக் கீழே அவசரக் கையெழுத்தில்: தலைக்காயம், சிறிது நேரம் நினைவிழப்பு, வலது காதில் ரத்தக் கசிவு.

பனியில், எங்கோ ஒரு கூடாரத்தில், பெயர் தெரியாத ஒரு மெடிக்கல் ஆபீசர் அதைச் சரியாக எழுதியிருக்கிறார். ஒன்பது வருடமாக அது அங்கேயே இருந்திருக்கிறது. பழைய பதிவேடுகளைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அழித்துவிடுவார்கள். எங்கள் அதிர்ஷ்டம், அது மிஞ்சியிருந்தது. நீங்கள் அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டாம். ஒவ்வொரு ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போதும் டிஸ்சார்ஜ் சீட்டின் நகலை வாங்குங்கள். இப்போது கையில் போன் இருக்கிறது, படம் எடுத்து இரண்டு பேருக்கு அனுப்பி வையுங்கள்.

அந்த நகலையும், அரசு மருத்துவக் கல்லூரியில் எடுத்த புதிய கேட்புச் சோதனையையும் வைத்து இரண்டாவது மேல்முறையீடு போட்டோம். கொரோனாவில் ஒரு வருடம் போனது. 2021 கடைசியில் மறுபடி மெடிக்கல் போர்டுக்குக் கூப்பிட்டார்கள். இந்த முறை நான் ஒரு காரியம் செய்தேன். அவரைப் பேசச் சொல்லிப் பயனில்லை என்று எனக்குத் தெரியும். எங்கே என்ன பிரச்சினை, எந்தத் தேதியிலிருந்து, அதனால் அன்றாடம் எதைச் செய்ய முடியவில்லை என்று ஒரே பக்கத்தில் மகளை விட்டுத் தட்டச்சு செய்து, கீழே ஆதாரங்களின் பட்டியல் போட்டு, அவரைக் கையெழுத்துப் போட வைத்தேன். “யார் என்ன கேட்டாலும் இதை எடுத்துக் கொடுங்க, போதும்” என்றேன். போர்டின் தலைவர் வழக்கம்போலக் கேட்டிருக்கிறார். இவர் வாய் திறக்காமல் காகிதத்தை நீட்டியிருக்கிறார். அவர் முழுவதும் படித்துவிட்டு, காதைப் பற்றி மட்டும் பத்து நிமிடம் கேட்டாராம். வெளியே வந்தபோது என் கணவரின் சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது.

காலுக்கு 20 சதவீதம், காதும் பணியால் வந்ததே, இரண்டும் சேர்த்து 30 சதவீதம் என்று 2022-இல் உத்தரவு வந்தது. இரண்டு குறைபாடு இருந்தால் அப்படியே கூட்டிப் போடுவதில்லை; அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 100 சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது அளவு. அப்படியானால் எங்களுக்கு 9 சதவீதம். இதை அப்படியே வாங்கிக்கொண்டு நின்றுவிடாதீர்கள் என்று அந்த சுபேதார் எச்சரித்தார். 20 முதல் 50-க்குக் கீழே எதுவாக இருந்தாலும் 50 என்றும், 50 முதல் 75 வரை 75 என்றும், அதற்கு மேல் 100 என்றும் உயர்த்திக் கணக்கிடும் முறை ஒன்று உண்டு. உடல்நிலை காரணமாகப் பாதியில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான் அது என்று சொல்லிவந்தார்கள். சர்வீஸை முடித்து வெளியே வந்தவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பர் 10 அன்று ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் தானாக வரவில்லை. ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் மனு போட்டுத்தான் 2023-இல் 50 சதவீதமாக வாங்கினோம். இப்போது கடைசிச் சம்பளத்தில் 15 சதவீதம் வருகிறது, நிலுவையும் வந்தது. காதுக்கு மெஷின் வாங்கினோம். அவர் அதைப் போட்டுக்கொண்டு முதலில் கேட்டது மகள் பக்கத்து அறையில் பாடிய பாட்டை.

இந்த வழியில் பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள், அதைப் பார்க்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை. எங்களோடு அந்த வார்டில் ஒரு கால் இழந்து கிடந்த ஒரு பையன் இருந்தான். புனேயில் ராணுவத்தின் செயற்கை அவயவ மையம் இருக்கிறது. 1944 முதல் நடக்கிறது. அங்கே போய்க் கால் பொருத்திக்கொள்ள அவனுடைய முறை வரும் வரை ஆறு மாதம் ஒவ்வொரு நாளும் கிளார்க்கிடம் போய் நின்றான். அவனுக்கு எழுதப் படிக்க உதவ வீட்டில் யாரும் இல்லை. கால் கிடைத்தது, நன்றாக நடந்தான். அதற்கு மேல் என்ன வாங்கினான் என்று எனக்குத் தெரியாது. வீரன் வீட்டில் விடாமல் அலைய ஒருவர் இருந்தால் கிடைக்கும், இல்லாவிட்டால் கிடைக்காது என்பது என்ன நியாயம்? உச்ச நீதிமன்றம் ஒரு முறை சொன்னதை ஒவ்வொரு வீரரும் தனித்தனியாகப் போய்க் கேட்க வேண்டும் என்பது என்ன முறை? படுத்திருக்கும் சிப்பாயிடம் அதிகாரி நின்று கேட்டால் உண்மை வராது என்று அந்த ஆஸ்பத்திரிகளில் இருப்பவர்களுக்கும் தெரியும். ஒவ்வொரு வார்டிலும் நட்சத்திரம் இல்லாத சட்டை போட்ட ஒருவர், நோயாளியின் மொழி தெரிந்த ஒருவர், தினமும் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதினால் பாதி மேல்முறையீடுகள் தேவைப்படாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மூன்று நாளுக்கு முன் ஒரு பெண் போன் செய்தாள். சுபேதார் என் நம்பரைக் கொடுத்திருக்கிறார். கல்யாணமாகி ஒன்றரை வருடம். கணவன் சிப்பாய், பயிற்சியில் ஏதோ வெடித்து ஆஸ்பத்திரியில் இருக்கிறான். “கண்ணுலதான் அக்கா அடி, வேற ஒண்ணும் இல்லன்னு சொல்றாரு” என்றாள். முதலில் அழ விட்டேன். பிறகு ஒரு நோட்டு எடுக்கச் சொன்னேன், டிஸ்சார்ஜ் சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன், ராத்திரி பேசும்போது தலையிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்கச் சொன்னேன். மறுநாள் காலையில் மெசேஜ் வந்தது. இடது கையில் இரண்டு விரல் மரத்துப்போயிருக்கிறதாம். காதுக்குள் எந்நேரமும் ஒரு விசில் சத்தமாம். சீட்டில் கண் மட்டும்தான் இருந்தது. ரவுண்ட்ஸ் ஒன்பது மணிக்கு, அதற்குள் ஒரு தாளில் எழுதி அவன் கையில் கொடு, வாயால் சொல்வான் என்று எதிர்பார்க்காதே என்று பதில் அனுப்பினேன். சரிக்கா என்று அனுப்பினாள். எழுதிக்கொண்டார்களா என்று இரண்டு நாளாக அவளுடைய போனுக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.